அப்பாவுக்கு இதயமும் பலவீனம், கிரியாட்டினினும் கூடுகிறது. இதய மருத்துவர் நீர் மாத்திரையைக் கூட்டுகிறார், சிறுநீரக மருத்துவர் குறைக்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

கேள்வியைப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு அறுபத்தைந்து வயதாவது இருக்கும், சர்க்கரையும் இருக்கும், மாத்திரை எடுத்துக் கொடுப்பது வீட்டில் நீங்கள்தான் என்று தோன்றுகிறது. எங்கள் மாமாவுக்கும் (என் வீட்டுக்காரரின் அப்பா) இதே இழுபறிதான். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துவிட்டு முடிவு சொல்லும்படி செய்யுங்கள். அதுவரை நீங்களாக எந்த மாத்திரையையும் நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வடித்து வெளியேற்ற வேண்டிய கழிவு) ரத்தத்தில் கூடிவிட்டது என்பதற்காக மட்டும் இதய மாத்திரையை நிறுத்துவது சில நேரம் உயிருக்கே ஆபத்தாக முடியும். நாங்கள் கண்ணால் பார்த்தது இது.

நான் மருத்துவர் இல்லை. "இணையத்தில் நாலு வரி படித்துவிட்டு வைத்தியம் சொல்கிறாள்" என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். நான் வைத்தியம் சொல்லவில்லை. நோயாளி பக்கத்தில் இருப்பவர் என்ன கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் சொல்கிறேன். டாக்டர்களைக் குறை சொல்வதும் என் நோக்கம் இல்லை. மாமாவைக் காப்பாற்றியதே டாக்டர்கள்தான்.

நாங்கள் செங்கோட்டை. 1956 வரை இந்த ஊர் மலையாளக் கரையோடு இருந்தது. பெரிய வியாதி என்றால் திருவனந்தபுரம் போவது எங்கள் பக்கத்தில் இன்றைக்கும் பழக்கம். மாமாவுக்கு மாரடைப்பு வந்தபோதும் அங்கேதான் கொண்டுபோனோம், ஸ்டென்ட் வைத்தார்கள். அதற்குப் பிறகு எக்கோவில் (இதய ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு, 30 சதவீதம் என்று வந்தது. சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டும். இதயத்துக்கு ராமிப்ரில், மெட்டோபிரோலால், தேங்கும் நீரை வடிக்க யூரின் மாத்திரை (நீங்கள் சொல்லும் நீர் மாத்திரைதான்) என்று ஒரு பட்டியலோடு ஊர் திரும்பினார். சில வருடம் நன்றாகவே நடமாடினார், வயலுக்குக்கூடப் போய்வந்தார்.

அப்புறம் ஒரு ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 2.3. முந்தைய தடவை 1.5 இருந்தது. பக்கத்து ஊரில் சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். அவர் ராமிப்ரிலையும் யூரின் மாத்திரையையும் சேர்த்தே நிறுத்தினார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். எக்கோ ரிப்போர்ட் இருக்கிறது, பாருங்கள் என்று என் வீட்டுக்காரர் எடுத்து நீட்டினார். "அது ஹார்ட் டாக்டருக்கு" என்று சொல்லி அவர் அதை வாங்கவே இல்லை. என் ஆற்றாமையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தின் மேல்தான்.

சில நாளில் கால் வீங்கியது. கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது கட்டைவிரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்தது, விரலை எடுத்த பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றது. வேட்டியை இறுக்கிக் கட்ட முடியவில்லை என்றார். பிறகு படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. ஒரு ராத்திரி முழுக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். "காலையில பாத்துக்கலாம்மா" என்று அவரே என்னைச் சமாதானப்படுத்தினார். விடிவதற்குள் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பக்கத்திலேயே ஓர் ஆஸ்பத்திரியில் முதலுதவி செய்து, ஆக்சிஜனோடு ஆம்புலன்ஸில் திருவனந்தபுரத்துக்கு மலையேறினோம்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. கேரள எல்லையில், புளியரை தாண்டி கோட்டைவாசல் ஏறும் எஸ் வளைவில், கல்லும் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஒன்று பழுதாகி நின்றால் போதும், இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் போக்குவரத்தே நின்றுவிடும். அன்றைக்கும் அப்படித்தான். சைரன் அலறுகிறது, ஒதுங்க இடமில்லை, ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். எங்கள் மலையை உடைத்து ஏற்றிப் போகிற லாரிக்கு வழி இருக்கிறது, எங்கள் ஊர் நோயாளிக்கு வழி இல்லை. பிரசவ வலியோடு அந்த வளைவில் காத்திருந்த பெண்களை எனக்குத் தெரியும். நேரக் கட்டுப்பாடு வேண்டும், ஆம்புலன்ஸுக்கு வழி ஒழுங்குபடுத்த அங்கே எந்நேரமும் ஆள் நிற்க வேண்டும் என்று ஊரே கேட்டுக்கொண்டிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திருவனந்தபுரத்தில் சேர்த்ததும் செய்த முதல் வேலை, பக்கத்து ஊரில் நிறுத்தின அதே நீர் மருந்தை ஊசியாக, பெரிய அளவில் ஏற்றியது. ஃபுரோசமைடு. சிறுநீர் பை நிறைய நிறைய மாமாவின் எடை இறங்கியது, 6 கிலோவுக்கு மேல், அத்தனையும் நீர். எங்களுக்கு வியப்பு என்னவென்றால், சேரும்போது 2.6 இருந்த கிரியாட்டினினும் கூடவே இறங்கி 1.7-க்கு வந்து நின்றது. நீர் மாத்திரையால் சிறுநீரகம் கெட்டது என்று நிறுத்தினார்கள். நீரை வடித்ததும் சிறுநீரகம் தேறியது.

வார்டில் இருந்த இளம் பெண் டாக்டரிடம் கேட்டேன். பொறுமையாக, படம் போட்டு விளக்கினார். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குத்தான் போகிறது. பம்பிங் குறைந்தால் அந்த வரத்து குறையும். ரத்தம் போதவில்லை என்று சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், அந்த நீர் பலவீனமான இதயத்துக்கே இன்னும் பாரமாகும். இது ஒரு பாதி. மறுபாதிதான் பலருக்கும் தெரியாதது. இதயம் திரும்ப வாங்கிக்கொள்ள முடியாத ரத்தம் சிரைகளில் தேங்கும்போது, சிறுநீரகத்திலிருந்து ரத்தம் வெளியேறும் வழியிலும் அழுத்தம் கூடிவிடும். வயலில் வடிமடை அடைத்துக்கொண்டால் பயிர் அழுகிப் போகும் இல்லையா, அந்த மாதிரி. அப்போது கிரியாட்டினின் கூடுவதற்குக் காரணம் நீர் வற்றியது இல்லை, நீர் தேங்கியது.

இதனால் எல்லோருக்கும் யூரின் மாத்திரையைக் கூட்ட வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தவருக்கு, சாப்பாடு இறங்காதவருக்கு, எழுந்து நின்றால் தலைசுற்றிப் பிரஷர் விழுகிறவருக்கு நீர் உண்மையிலேயே வற்றியிருக்கலாம். அவருக்கு டாக்டர் குறைக்கத்தான் சொல்வார், அது சரி. இரண்டிலும் கிரியாட்டினின் ஒரே மாதிரிதான் கூடும். கால் வீக்கம், கழுத்தில் ரத்தக்குழாய் புடைப்பு, எடை, பிரஷர், எக்கோ எல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் எது என்று பிரியும். எக்கோவைப் பார்க்காமல் மாத்திரையை நிறுத்தினார்கள் என்று நான் புலம்புவது இதற்காகத்தான்.

ராமிப்ரில் வகை மாத்திரைகளும் இப்படித்தான். ஆரம்பித்த புதிதில் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுவது எதிர்பார்க்கக்கூடியது. பழைய அளவிலிருந்து 30 சதவீதம் வரை கூடினாலும், பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டாவிட்டால் பொதுவாகத் தொடர்கிறார்கள். நாளடைவில் இதயம், சிறுநீரகம் இரண்டையும் காப்பது அந்த மாத்திரைதான். டாபாகிளிஃப்ளோசினும் அப்படியே. சர்க்கரைக்கென்று வந்த மருந்து, 2019-இல் இதயச் செயலிழப்புக்கும் 2020-இல் நாள்பட்ட சிறுநீரக நோய்க்கும் பலன் தருகிறது என்று பெரிய ஆய்வுகளில் தெரியவந்தது. 2020-இல் இந்தியாவில் காப்புரிமை முடிந்ததால் விலையும் இறங்கிவிட்டது. உங்கள் அப்பாவுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். வாந்தி, பேதி, பட்டினி நாட்களில் அதை நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

எதிர்த்திசையும் உண்டு. சிறுநீரகம் கெட்டால் பிரஷர் ஏறும், ரத்தசோகை வரும், பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பே தப்பும். சிறுநீரக நோயாளிகளில் டயாலிசிஸ் வரை போகிறவர்களைவிட, அதற்கு முன்பே இதயத்தால் இறக்கிறவர்கள் அதிகம். லண்டனில் ரிச்சர்ட் பிரைட் என்ற மருத்துவர் சிறுநீரக நோயாளிகளின் இதயம் பெருத்திருப்பதை 1836-லேயே எழுதி வைத்திருக்கிறார். 2008-இல் இந்த உறவை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். 2023-இல் அமெரிக்க இதயச் சங்கம் இதயம், சிறுநீரகம், சர்க்கரை, உடல் பருமன் எல்லாவற்றையும் ஒரே நோய்க்கூட்டமாகப் பார்க்கச் சொன்னது. இவ்வளவு நடந்த பிறகும் நம் கையில் இரண்டு ஃபைல், இரண்டு ஊர், இரண்டு டோக்கன்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரே ஃபைல்தான். முதல் பக்கத்தில் ஒரு தாள்: இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எதை யார் எப்போது ஏன் மாற்றினார்கள், கடைசி கிரியாட்டினின், இ.ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு), பொட்டாசியம், ஹீமோகுளோபின், சிறுநீரில் அல்புமின் (புரதம்), எக்கோ. எந்த டாக்டர் மாற்றினாலும் காரணத்தை ஒரு வரியாவது அதில் எழுதச் சொல்லிக் கேட்கிறோம். சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடுவதற்கு முன் எடை பார்க்கிறோம். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அன்றைக்கே போன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தண்ணீருக்கும் அளவு உண்டு. ரசம், மோர், காபி எல்லாம் அந்தக் கணக்கில்தான். "ஒரு வாய் தண்ணிக்குமா கணக்கு?" என்று அத்தைக்கு ஆரம்பத்தில் கண் கலங்கும். இப்போது டம்ளரை அளந்து வைப்பது அத்தைதான்.

எங்கள் பக்கத்தில் பார்க்க வருகிறவர்கள் கையில் இளநீரும் நேந்திரம் பழமும் இல்லாமல் வர மாட்டார்கள். சிறுநீரகம் குறைந்தவருக்கு, அதுவும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைகள் சாப்பிடுகிறவருக்கு, இவற்றில் உள்ள பொட்டாசியம் ஆபத்து. வாங்கி வைத்துக்கொண்டு குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், மனத்தாங்கல் வராது. பிரஷருக்கு நல்லது என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பிலும் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் இருக்கும். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக் போன்றவை இதயத்துக்கும் கெடுதல், சிறுநீரகத்துக்கும் கெடுதல். யூரின் மாத்திரையோடும் ராமிப்ரிலோடும் சேர்ந்தால் சிறுநீரகம் சட்டென்று படுத்துவிடலாம். ஆஞ்சியோவோ, சாயம் ஏற்றும் ஸ்கேனோ எடுக்கச் சொன்னால் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். சாயத்தின் அளவைக் குறைப்பார்கள், தேவைப்பட்டால் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்தி வைப்பார்கள்.

அடுத்த முறை போகும்போது சிறுநீரக மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "கிரியாட்டினின் கூடினது நீர் வற்றியதாலா, தேங்கியதாலா? எவ்வளவு எடையில் அப்பாவை வைத்திருக்க வேண்டும்? மாத்திரையைக் குறைத்தால் எத்தனை நாளில் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும்?" இதய மருத்துவரிடமும் இதையே கேளுங்கள். இரண்டு பதிலும் ஒத்துவரவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்து, மற்றவருக்குப் போன் போட்டுப் பேசச் சொல்லுங்கள். கேட்டால் பேசுகிறார்கள், எங்களுக்குப் பேசினார்கள்.

அதற்குள் அப்பா படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்தாலோ, சிறுநீர் திடீரென்று குறைந்தாலோ, படபடப்போடு உடம்பு தளர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிட்டு, ஈ.சி.ஜி.யும் பொட்டாசியமும் உடனே பார்க்கக்கூடிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஃபைலோடு மாத்திரை டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.