கோப்பு முறைமையின் வேகத்தை அளக்கும்போது எதை அளக்கிறோம்?

கேள்வி: 16 ஜிபி நினைவகமும் சாட்டா எஸ்எஸ்டியும் உள்ள லினக்ஸ் சர்வரில் எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய இரு கோப்பு முறைமைகளையும் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகள்) ஒப்பிட, தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையால் 1 ஜிபி பூஜ்யங்களை எழுதிப் பார்த்தேன். ஒருமுறை நொடிக்கு 2.1 ஜிபி வருகிறது, மறுமுறை 1.3 ஜிபி வருகிறது. எதை நம்புவது? இதில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை இயக்க இருக்கிறேன்.

பதில்: இரண்டையும் நம்ப வேண்டாம். சாட்டா இணைப்பின் உச்ச வேகமே நொடிக்குச் சுமார் 600 எம்பிதான் என்பதால், இந்த எண்கள் டிஸ்க்கைப் பற்றியவையாக இருக்க வழியில்லை. எழுதச் சொன்ன தரவை, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல், பேஜ் கேஷில் (டிஸ்க் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதி) வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததாகப் பதில் சொல்லிவிட்டுப் பின்னர் சாவகாசமாக டிஸ்க்குக்கு அனுப்புகிறது. நீங்கள் அளந்தது பெரும்பாலும் நினைவகத்துக்குள் நகலெடுக்கும் வேகத்தைத்தான். பூஜ்யங்களை எழுதுவதும் நல்லதன்று. தரவைச் சுருக்கும் கோப்பு முறைமைகளும் சில எஸ்எஸ்டி கன்ட்ரோலர்களும் அவற்றை ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும்.

தரவுத்தளம் பெரிய கோப்பை ஒரே மூச்சில் எழுதுவதில்லை. போஸ்ட்கிரெஸ் 8 கேபி பக்கங்களை ஆங்காங்கே படித்து எழுதுகிறது. ஒவ்வொரு கமிட்டின்போதும் (மாற்றங்களை நிலையாக்கும்போதும்) அவற்றைப் பதியும் லாக் கோப்பை, எஃப்சிங்க் என்னும் கெர்னல் அழைப்பு வழியாக டிஸ்க்கில் உறுதிசெய்த பிறகே பயனருக்குப் பதில் தருகிறது. உங்கள் சோதனையும் இந்த இரு வேலைகளையும் ஒருசேரச் செய்ய வேண்டும். டிஸ்க் வேகத்தைச் சோதிக்கும் ஃபியோ கருவியில் இதை அமைக்க முடியும். அதைவிட, போஸ்ட்கிரெஸுடன் வரும் வேகச் சோதனைக் கருவியான பிஜிபெஞ்சை உங்கள் சொந்த வினவல்களோடு ஓட்டுவதையே நான் பரிந்துரைப்பேன்.

அடுத்தது தரவின் அளவு. பலர் சறுக்கும் இடம் இது. தரவு முழுவதும் நினைவகத்தில் அடங்கினால் ஒரு விடை, அதைவிடப் பன்மடங்கு பெரிதானால் வேறொரு விடை கிடைக்கும். இரண்டும் தத்தம் அளவில் பொருளுள்ளவையே. இடைப்பட்ட எல்லைதான் ஆபத்தானது. எரெஸ் ஸாடோக், மார்கோ செல்ட்ஸர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2011இல், நினைவகத்தை 512 எம்பியாகக் குறைத்து, எக்ஸ்ட்4இன் முன்னோடியான எக்ஸ்ட்2இல் செய்த சோதனையில், கோப்பின் அளவு 384 எம்பியிலிருந்து 448 எம்பிக்கு உயர்ந்ததும் படிக்கும் வேகம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது. அந்த எல்லையருகே ஒரே ஓர் அளவை மட்டும் தேர்ந்தெடுத்து முடிவு சொல்வது சூதாட்டம். பல அளவுகளில் ஓட்டி வரைபடமாகப் பாருங்கள்.

தொடக்க நிலையையும் ஒன்றாக்க வேண்டும். எக்ஸ்ட்4ஐப் புதிதாக உருவாக்கியதும் மவுன்ட் செய்தால், வழக்கமான அமைப்பில், கெர்னல் ஐநோட் அட்டவணைகளை (கோப்புகளைப் பற்றிய விவரங்களை வைக்கும் அட்டவணைகளை) பின்னணியில் எழுதிக்கொண்டிருக்கும். அந்நேரத்தில் சோதித்தால் அந்தச் சுமையும் கணக்கில் சேரும். (நானே ஒருமுறை இதை எக்ஸ்ட்4இன் குறையென்று எண்ணி அரைநாளைக் கழித்தேன்.) எஸ்எஸ்டி முதல் சில நிமிடங்களுக்குத் தன் உட்புறக் கேஷால் வேகமாகத் தெரியும், அது நிரம்பி வேகம் நிலைபெற்ற பின்னரே அளக்கத் தொடங்குங்கள். இரு முறைமைகளையும் ஒரே பார்ட்டிஷனில், வரிசையை மாற்றி மாற்றிச் சோதியுங்கள்.

முடிவைச் சராசரியாக மட்டும் குறிக்காதீர்கள். கேஷில் கிடைத்த வாசிப்பு மைக்ரோ நொடிகளில் முடியும், கிடைக்காதது பன்மடங்கு நேரம் எடுக்கும். இரண்டின் சராசரி எந்த வாசிப்புக்கும் உரியதாக இராது. மீடியனையும் (நடு மதிப்பையும்) 99ஆம் சதமானத் தாமதத்தையும் (நூற்றில் 99 வாசிப்புகள் முடிந்துவிடும் நேரத்தையும்) சேர்த்துப் பாருங்கள்.

ஒப்பீட்டுக்கு முன், எக்ஸ்ட்4ஐ எக்ஸ்ட்4உடனேயே ஒப்பிடுங்கள்: ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கிப் பத்து முறை ஓட்டுங்கள். அவற்றுக்குள்ளேயே 8 சதவீத ஏற்ற இறக்கம் இருந்தால், எக்ஸ்எஃப்எஸ் 5 சதவீதம் முந்தியதாக வரும் ஒற்றை ஓட்டத்தை வைத்து எதையும் மாற்ற வேண்டியதில்லை.