வெள்ளாட்டுத் தோல் யாருக்கு அடையாளம்?

கேள்வி: யாக்கோபு வெள்ளாட்டுத் தோலைப் போர்த்திக்கொண்டு, பார்வை மங்கிய தந்தை ஈசாக்கை ஏமாற்றி, அண்ணன் ஏசாவுக்குரிய ஆசீர்வாதத்தைப் பறித்தான். கடவுள் அவனைத் தண்டிக்கவே இல்லையே? அந்தத் தோல் கிறிஸ்து சுமந்த பாவத்துக்கும், சமைத்த இரண்டு குட்டிகள் இரண்டு உடன்படிக்கைகளுக்கும் அடையாளம் என்கிறார் ஒரு போதகர். ஏற்கலாமா?

பதில்: தோலைப் பற்றிப் போதகர் புதிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. யாக்கோபு செய்தது பொய் அல்ல, மறைபொருள் என்றும், ஆட்டுத்தோல் பாவத்தையும் அதைப் போர்த்தியவன் பிறர் பாவத்தைச் சுமந்தவரையும் குறிப்பதாகவும் 5ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ இறையியலாளர் அகுஸ்தீன் எழுதிவிட்டார். எந்த நிலையிலும் பொய் கூடாது என்று வாதாடிய நூலில்தான் இதை அவர் எழுதினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அவருடைய வாதத்துக்கு யாக்கோபு பெரிய இடைஞ்சல், அடையாளம் கைகொடுத்தது. ஈசாக்கின் கூடாரத்தில் ஒரு குடும்பம் உடைந்த கதை அதில் காணாமல் போயிற்று.

தண்டனையே இல்லை என்ற உங்கள் முடிவோ, ஆதியாகமத்தின் 27ஆம் அதிகாரத்தோடு புத்தகத்தை மூடிவைத்தவரின் முடிவு. ‘சில நாள்’ மாமன் லாபானிடம் போய் இரு என்று ரெபெக்காள் அனுப்பிய மகன் இருபது ஆண்டுகள் அங்கே உழைக்கிறான்; தாயும் மகனும் மறுபடி சந்தித்ததாக ஒரு வரிகூட இல்லை. லாபானின் இளைய மகள் ராகேலை மணப்பதற்காக ஏழு ஆண்டுகள் வேலை செய்தவன், மணநாள் கழிந்து விடிந்து பார்த்தால் அருகில் இருப்பவள் அவளுடைய அக்காள் லேயாள். மூத்தவள் இருக்க இளையவளைக் கொடுப்பது எங்கள் ஊர் வழக்கமில்லை என்று லாபான் சொல்லும் அந்தப் பதில், மூத்தவனின் பங்கைப் பறித்துக்கொண்டு வந்தவனுக்கு எங்கே உறைத்திருக்கும் என்பதைக் கதாசிரியர் நம் ஊகத்துக்கே விட்டுவிடுகிறார். அவர் எங்கும் தீர்ப்புச் சொல்வதில்லை, பொருள்களைத் திருப்பிக் கொண்டுவருகிறார்.

ஏசாவின் உடையாலும் வெள்ளாட்டாலும் தந்தையை ஏமாற்றியவனிடம், 37ஆம் அதிகாரத்தில் அவன் பிள்ளைகள் தம்பி யோசேப்பை விற்றுவிட்டு, அவன் அங்கியை வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்துக் கொண்டுவந்து, இது உம்முடைய மகனுடையதா பாரும் என்கிறார்கள். அன்று ஈசாக்கு தடவிப் பார்த்து ஏமாந்தான். இன்று யாக்கோபு கண்ணால் பார்த்து ஏமாறுகிறான். யோசேப்பை விற்கலாம் என்று யோசனை சொன்ன அண்ணன் யூதாவையும் கதை விடுவதில்லை. அடுத்த அதிகாரத்திலேயே, முகத்தை மூடியிருந்த மருமகள் தாமாரை அடையாளம் தெரியாமல் விலைமகள் என்று எண்ணி, ஒரு வெள்ளாட்டுக்குட்டி தருவதாகச் சொல்லித் தன் முத்திரையையும் கோலையும் அடகாகக் கொடுக்கிறான். பிறகு மருமகள் கர்ப்பமானாள் என்று கேட்டு அவன் அவளை எரிக்கச் சொன்ன நேரத்தில் அந்தப் பொருள்களே அவன் முன் வந்து நிற்க, என்னிலும் அவள் நீதியுள்ளவள் என்று ஒப்புக்கொள்கிறான். வெள்ளாட்டைக் கொண்டு நீ தகப்பனை ஏமாற்றினாய், வெள்ளாட்டைக் கொண்டே தாமார் உன்னை ஏமாற்றுவாள் என்று கடவுள் யூதாவிடம் சொல்வதாகப் பழைய யூத விளக்கநூலான பெரேஷித் ராப்பா இதை வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. யாக்கோபைக் குற்றமற்றவனாக்கும் அவசரம் தீர்க்கதரிசிகளுக்கும் இருக்கவில்லை. ஓசியா 12ஆம் அதிகாரம் அவன் தாயின் வயிற்றில் அண்ணனின் குதிகாலைப் பிடித்ததைக்கூட வழக்கில் சேர்க்கிறது.

இரண்டு குட்டிகள் என்ற கணக்குக்கு வருகிறேன். ரெபெக்காள் ஏன் இரண்டு கேட்டாள் என்று கதை சொல்லவில்லை. அந்த எண்ணை மறுபடி எடுக்கவும் இல்லை. வெள்ளாடு ஈசாக்கு முதல் யூதா வரை விடாமல் தொடர்கிறது, ஆகவே அதை அடையாளம் என்று ஏற்கிறேன். இரண்டு என்ற எண் ரெபெக்காளின் அடுப்போடு முடிந்துவிட்டது.