எமுலேட்டரில் ஓடுகிறது, போர்டில் ஓடவில்லை

வணக்கம் சார்,

எம்பெடட் லினக்ஸ் (கருவிகளுக்குள் ஓடும் லினக்ஸ்) வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் முழு இமேஜைக் கட்டி, எஸ்டி கார்டில் எழுதி, போர்டில் செருகிப் பார்ப்பதிலேயே நாள் போய்விடுகிறது. "கியூஎமுவில் என்எஃப்எஸ் ரூட் வைத்து ஓட்டிப் பார்" என்று குழுவில் மூத்தவர் ஒருவர் சொன்னார். அதாவது, கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியைப் பாவனை செய்யும் கியூஎமு எமுலேட்டரில், லினக்ஸுக்கு வேண்டிய கோப்புகளை (ரூட்) என்எஃப்எஸ் வழியாக, நெட்வொர்க்கிலிருந்து எடுத்து ஓட்டுவது. முதலில் கர்னல் பானிக்: லினக்ஸின் மையமான கர்னலே மேலே போக முடியாமல் கைவிட்டது. 'அன்னோன் பிளாக் (0,255)' என்று காட்டிவிட்டு நின்றது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு எப்படியோ பூட் ஆக வைத்தேன். எதனால் சரியானது என்று இன்னும் தெரியாது. அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. எமுலேட்டரில் எல்லா டெஸ்டும் பாஸ். அதே இமேஜை போர்டில் போட்டால் எங்கள் சர்வீஸ் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. அப்படியானால் இந்த எமுலேட்டர் டெஸ்டுக்கு என்னதான் மதிப்பு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

'அதே இமேஜ்' என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அந்த இரண்டு சொல்லில் இருக்கிறது. கியூஎமுவில் நீங்கள் ஓட்டியது இமேஜே அல்ல. இமேஜுக்குள் போகவேண்டிய கோப்புகளை ஹோஸ்டில், அதாவது உங்கள் கணினியில், ஒரு டைரக்டரியில் விரித்துவைத்து, அதை நெட்வொர்க் வழியாக கெஸ்டுக்கு, அதாவது எமுலேட்டருக்குள் ஓடும் லினக்ஸுக்குக் காட்டியிருக்கிறீர்கள். போர்டில் இருப்பது அந்தக் கோப்புகளை அடைத்த மூட்டை. மூட்டை கட்டும்போது என்ன நடந்தது, அவிழ்க்கும்போது என்ன நடக்கும் என்பதெல்லாம் உங்கள் டெஸ்டில் வரவே இல்லை.

முதலில் அந்த பானிக்கைப் பார்த்துவிடலாம். (0,255) என்பது கிறுக்கு எண் அல்ல. ரூட்டாக டெவ்-என்எஃப்எஸ் என்று கொடுக்கிறோமே, அப்படி ஒரு சாதனம் நிஜத்தில் கிடையாது. கர்னல் தனக்குள் அதற்கு வைத்திருக்கும் அடையாளம்தான் 0,255. அதாவது, நீங்கள் கேட்டது கர்னலுக்குப் புரிந்துவிட்டது, செய்து கொடுக்கத்தான் அதற்கு வழியில்லை. என்எஃப்எஸ்ஸில் ரூட்டை ஏற்றும் வசதி அந்தக் கர்னலில் சேர்க்கப்படவில்லை. கர்னல் கான்ஃபிகில் என்எஃப்எஸ் கிளையண்ட் மாட்யூலாக (பிறகு தனியாக ஏற்றும் துண்டாக), 'எம்' என்று இருந்தால், ரூட் என்எஃப்எஸ் என்ற வரியே மெனுவில் தலைகாட்டாது. கர்னல் தானே ஐபி முகவரி வாங்கிக்கொள்ளும் வசதி இல்லாவிட்டாலும் அப்படித்தான். அந்த இரண்டு நாளில் எங்கோ ஓர் 'எம்'மை 'ஒய்' (கர்னலுக்குள்ளேயே) ஆக்கியிருப்பீர்கள். நெட்வொர்க் கார்டு டிரைவரையும் கர்னலுக்குள்ளேயே வைக்க வேண்டும். டிரைவர் மாட்யூல் ரூட்டில் இருக்கிறது, ரூட்டை எடுக்க டிரைவர் வேண்டும் என்றால், பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

அதற்கப்புறமும் சர்வர் உங்களைத் திருப்பி அனுப்பியிருக்கும். கியூஎமுவின் சாதாரண யூசர் நெட்வொர்க்கில் கெஸ்டுக்கு 10.0.2.15, ஹோஸ்டுக்கு 10.0.2.2. கெஸ்ட் கர்னல் 1024-க்குக் கீழான நெட்வொர்க் போர்ட் எண்ணிலிருந்துதான் கேட்கிறது. ஆனால் கியூஎமு ஹோஸ்டில் சாதாரணப் பயனராக ஓடுவதால், அந்த இணைப்பை ஏதோ ஒரு பெரிய எண் போர்ட்டிலிருந்து திறந்து கொடுக்கிறது. என்எஃப்எஸ் சர்வருக்கு அது சந்தேகம். எந்த டைரக்டரியை யாருக்குத் தரலாம் என்று சர்வரில் எழுதும் எக்ஸ்போர்ட் வரியில் 'இன்செக்யூர்' என்று சேர்த்தால்தான் விடும். இணைப்பு ஹோஸ்டிலிருந்தே வருவதுபோல் தெரியும் என்பதால் 127.0.0.1-க்கு அனுமதியும் வேண்டும். 'நோ ரூட் ஸ்குவாஷ்' போடாவிட்டால் கெஸ்டின் ரூட் பயனர் (எல்லா அனுமதியும் உள்ளவர்) சர்வரில் 65534 என்ற அநாமதேயமாகிவிடுவார். பூட் பாதியில் அனுமதி மறுப்பாகக் கொட்டும். 'இன்செக்யூர்', 'நோ ரூட் ஸ்குவாஷ்' இரண்டையும் உங்கள் மடிக்கணினியைத் தவிர வேறு யாருக்கும் திறந்துவிடாதீர்கள். யோக்டோவில் (லினக்ஸ் இமேஜ் கட்டும் கருவித்தொகுப்பு) வேலை செய்கிறீர்கள் என்றால் ரன்கியூஎமு என்ற ஸ்கிரிப்ட் இந்த வேலையையெல்லாம் தானே பார்த்துக்கொள்ளும். ரூட் பயனரின் அனுமதி தேவைப்படாத தனி என்எஃப்எஸ் சர்வர் ஒன்றையே அது கூட வைத்திருக்கிறது.

சரி, போர்டுக்கு வருவோம். என் கதை ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் பிடிபடும்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கருவிக்கு இப்படித்தான் வாரக்கணக்கில் என்எஃப்எஸ் ரூட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். எல்லாம் சுத்தம். வெளியீட்டு நாளன்று நேரம் இல்லை. புதிதாக பில்ட் எடுப்பதற்குப் பதில், 'சோதித்த டைரக்டரிதானே, இதைவிட நம்பகமானது எது' என்று அதையே டார் போட்டு இமேஜாக்கி அனுப்பிவிட்டேன். கொஞ்ச நாள் கழித்து ஒருவர் கேட்டார்: "எல்லாக் கருவியிலும் எஸ்எஸ்ஹெச் கைரேகை ஒன்றாகவே இருக்கிறதே, அப்படித்தான் இருக்க வேண்டுமா?" எஸ்எஸ்ஹெச் என்பது கருவிக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி, கைரேகை அதன் அடையாளச் சாவியின் சுருக்கம். முதல் பூட்டில் ஒவ்வொரு கருவியும் தனக்கென உருவாக்க வேண்டிய அந்தச் சாவி, என் எமுலேட்டரின் முதல் பூட்டில் ஒருமுறை உருவாகி, டைரக்டரியில் அப்படியே தங்கி, மூட்டையோடு போய்விட்டது. ஒரு கருவியைத் திறந்து சாவியை எடுத்தவர் மற்ற எல்லாக் கருவிகளாகவும் நடிக்கலாம். யாரையும் குறை சொல்ல முடியாது, நான் செய்ததுதான்.

என்எஃப்எஸ் டைரக்டரிக்கு ஞாபகம் உண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். முதல் பூட் ஒரே ஒருமுறைதான் நடக்கிறது. இரண்டாவது ஓட்டத்திலிருந்து நீங்கள் சோதிப்பது ஏற்கெனவே குடியேறிய வீட்டை. சாவி இருக்கிறது, லாக் டைரக்டரி இருக்கிறது, கான்ஃபிக் கோப்பு இருக்கிறது. புதிய போர்டில் இவை எதுவும் இருக்காது.

உங்கள் சர்வீஸும் இப்படி எங்கோ எழுதப் பார்க்கிறது என்றே நினைக்கிறேன். போர்டில் ரூட் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸா என்று பாருங்கள். அது படிக்க மட்டுமான கோப்பு அமைப்பு, அதில் எழுதவே முடியாது. என்எஃப்எஸ்ஸில் நீங்கள் 'ஆர்டபிள்யூ' (படிக்க, எழுத) என்று கொடுத்திருப்பீர்கள், எங்கே வேண்டுமானாலும் எழுதலாம், இடமும் குறையாது. கர்னல் வரியில் அதை 'ஆர்ஓ' (படிக்க மட்டும்) என்று மாற்றி, எதை எங்கே ஏற்றுவது என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் ரூட்டை மறுபடி எழுதத்தக்கதாக ஏற்றும் வரி இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, புதிதாக விரித்த டைரக்டரியில் ஒருமுறை பூட் செய்யுங்கள். போர்டில் விழுவது அங்கேயும் விழுந்தால் விஷயம் முடிந்தது.

மதிப்பு என்ன என்று கேட்டீர்கள். கெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹோஸ்டில் கம்பைல் செய்து, பைனரியை டைரக்டரியில் போட்டு, கெஸ்டில் உடனே ஓட்டலாம். டீபக் சிம்பலோடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கவலையில்லை. கர்னல் செத்து விழுந்தாலும் அதுவரை ஹோஸ்டுக்கு வந்து சேர்ந்த லாக் அங்கே கிடக்கும். எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறு. பூட்டுக்கு முன் டைரக்டரியின் பிரதி ஒன்று, பூட்டுக்குப் பின் ஒன்று, இரண்டுக்கும் டிஃப் (வேறுபாட்டுப் பட்டியல்). எந்த சர்வீஸ் எங்கே கைவைத்தது என்று வரிவரியாகத் தெரிந்துவிடும். ரூட்டைப் படிக்க மட்டும் என்று ஆக்கப்போகும் எவரும் முதலில் இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன்.

ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் மேலேயே புதியதை சிபி (நகலெடுக்கும் கட்டளை) போட்டுவிடாதீர்கள். லோக்கல் டிஸ்க் என்றால் 'டெக்ஸ்ட் ஃபைல் பிஸி' என்று கர்னல் தடுக்கும். இங்கே ஹோஸ்ட் கர்னலுக்கு அந்த நிரலை கெஸ்ட் ஓட்டுவது தெரியாது, தடுக்காது. நிரல் சம்பந்தமே இல்லாத இடத்தில் செத்து விழும், நீங்கள் உங்கள் கோடில் பிழை தேடிக்கொண்டிருப்பீர்கள். ஹோஸ்டில் மாற்றிய கோப்பு கெஸ்டில் உடனே தெரியாவிட்டாலும் பதறவேண்டாம். கோப்பு விவரங்களை என்எஃப்எஸ் 3 முதல் 60 வினாடி வரை நினைவிலேயே வைத்திருக்கும்.

நெட்வொர்க் ஸ்கிரிப்டை மட்டும் இங்கே சோதிக்கவே முடியாது. ஒருமுறை செய்து பாருங்கள், ஒரு மாதிரி அழகாகவே இருக்கும். இணைப்பை ஒரு கணம் இறக்கி ஏற்றும் வரி ஓடும். இறக்குவது நடக்கும். ஏற்றும் நிரலைப் படிக்க ரூட் வேண்டும், ரூட் அந்த இணைப்பின் மறுமுனையில் இருக்கிறது. 'சர்வர் பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன்' என்று ஒரு வரி வரும். அவ்வளவுதான். கர்சர் மினுக்கிக்கொண்டே இருக்கும். ரூட் என்எஃப்எஸ் என்றால் இன்டர்ஃபேஸைத் தொடாதே என்று பார்க்கும் ஒரு குட்டி ஸ்கிரிப்டை பில்ட்ரூட் (யோக்டோ போல இமேஜ் கட்டும் இன்னொரு கருவி) வைத்திருப்பது இதற்காகத்தான்.

எதிர்ப்பக்கமாகவும் ஏமாறலாம். செட்கேப் வைத்துச் சிறப்பு அனுமதி கொடுத்த பைனரிகள் என்எஃப்எஸ்ஸில் அந்த அனுமதியை இழந்துவிடும். போர்டில் ஒழுங்காக ஓடுவது எமுலேட்டரில் தோற்கும். அதைப் பிழை என்று எண்ணி ரூட் பயனராக ஓட வைத்துவிடாதீர்கள்.

அன்றாட வேலைக்கு என்எஃப்எஸ் போதும். வெளியிடும் முன் அசல் இமேஜ் கோப்பையே கியூஎமுவுக்கு டிஸ்காகக் கொடுத்து, 'ஸ்னாப்ஷாட்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எழுதுவதெல்லாம் தற்காலிகக் கோப்புக்குப் போய், மூடியதும் மறைந்துவிடும். ஒவ்வொரு ஓட்டமும் முதல் பூட்தான். பூட்லோடர், டிவைஸ் ட்ரீ, ஃபிளாஷ், மின்சாரம் பாதியில் போவது, வேகம், இவற்றுக்கெல்லாம் போர்டுதான். கியூஎமுவின் 'விர்ட்' மெஷின் நிஜத்தில் உள்ள எந்த போர்டின் பிரதியும் அல்ல.

'ஆர்ஓ' போட்டு ஓட்டியதும் என்ன வருகிறது என்று எழுதுங்கள். கன்சோல் முழுவதையும் ஒரு கோப்பில் பிடித்து, அதில் வரும் முதல் பிழை வரியை அனுப்புங்கள். கடைசி வரி வேண்டாம்.