கப்பலின் சுக்கான் மேல் உட்கார்ந்து கடல் தாண்ட முடியுமா?

முடியும், ஆனால் உயிருக்கே ஆபத்து. சுக்கான் என்பது கப்பலைத் திருப்ப அதன் பின்புறம் தண்ணீருக்குள் இருக்கும் பெரிய பலகை. 2022 நவம்பரில் நைஜீரியாவின் லாகோஸிலிருந்து ஸ்பெயினின் கனேரித் தீவுகளுக்குப் போன 'அலிதினி 2' எண்ணெய்க் கப்பலின் சுக்கான் மேல் மூன்று பேர் 11 நாள் உட்கார்ந்து வந்தார்கள். மீட்புப் படை எடுத்த படத்தில் அவர்கள் கால்கள் தண்ணீரைத் தொடாத குறை.

சரக்கு ஏற்றாத கப்பல் உயர்ந்து மிதக்கும். அப்போது பின்புறம் சுக்கானின் மேல்பகுதி வெளியே தெரியும். அதற்கு மேலே கப்பலின் உடலோடு ஒட்டி ஓர் இடுக்கும் இருக்கும். திருட்டுத்தனமாக நாடு தாண்ட நினைப்பவர்கள் இரவில் படகில் வந்து அங்கே ஏறிவிடுகிறார்கள். மாலுமிகளுக்குப் பெரும்பாலும் தெரியாது. அலை எழும்பினால் அந்த இடம் முழுக்க நனையும், கண்ணயர்ந்தால் கடலில்தான்.

2023-இல் 'கென் வேவ்' கப்பலில் நான்கு பேர் இப்படி 14 நாள் வந்தார்கள். விழாமலிருக்க வலை கட்டி, கயிற்றால் தங்களைப் பிணைத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் சாப்பாடும் தண்ணீரும் தீர்ந்தன, அப்புறம் கடல்நீரைக் குடித்தார்கள். ஐரோப்பா என்று நினைத்து ஏறியவர்கள் பிரேசிலில் மீட்கப்பட்டார்கள். இருவர் அங்கேயே அடைக்கலம் கேட்டார்கள், மற்ற இருவர் ஊர் திரும்பினார்கள்.