பஜ்ஜி சுட்ட எண்ணெயை யாருக்குக் கொடுப்பது?

கேள்வி: திருவல்லிக்கேணியில் சாயங்கால பஜ்ஜிக் கடை நடத்துகிறேன். வாரத்துக்கு ஒரு டின் பழைய எண்ணெய் மிஞ்சுகிறது. வழக்கமாக வருபவர் ரொக்கம் கொடுத்து வாங்கிப் போவார். சோப்புக்கு என்பார், ரசீது கிடையாது. இப்போது இன்னொருவர் பயோடீசலுக்கு என்று கேட்கிறார். விலை கொஞ்சம் குறைவு, படிவத்தில் கையெழுத்தும் போட வேண்டுமாம். யாருக்குக் கொடுக்கலாம்? சட்டத்தில் ஏதாவது கட்டாயம் உண்டா?

பதில்: இரண்டாமவருக்குக் கொடுங்கள். ஆனால் அவருடைய காகிதங்களைப் பார்த்துவிட்டு.

சட்டத்தை முதலில் முடித்துவிடுவோம். எண்ணெய் திரும்பத் திரும்பச் சூடாகும்போது உடைந்து சில சேர்மங்கள் உண்டாகும். அவை 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது. 2018 ஜூலை 1 முதல் இது விதி, உங்கள் கடைக்கும்தான். பதிவேடு வைத்து, பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே எண்ணெயை ஒப்படைக்க வேண்டும் என்று 2019 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த உத்தரவு, பொரிக்க நாளுக்கு 50 லிட்டருக்கு மேல் பயன்படுத்தும் இடங்களுக்கானது. நீங்கள் அதில் வர மாட்டீர்கள்.

அந்தச் சேர்மங்களை அளக்கும் மீட்டர் இல்லையென்றால் சட்டியைப் பாருங்கள். வாழைக்காய் போட்டதும் எழும் நுரை அடங்காமல் ஓரம் வரை ஏறுகிறதா, வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைகிறதா, கரண்டியில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? அதோடு நிறுத்திவிடுங்கள். அதன் மேலேயே புது எண்ணெயை ஊற்றி ஒப்பேற்றினால் புதியதும் சேர்ந்து கெடும்.

ரசீது இல்லாமல் போகிற எண்ணெயில் கொஞ்சம் சோப்புக்குப் போகலாம், மறுக்கவில்லை. மீதி வடிகட்டப்பட்டு, மலிவு எண்ணெயாக வேறொரு தள்ளுவண்டிச் சட்டிக்கே திரும்பி வரும் அபாயம் இருக்கிறது. இதைத் தடுக்கத்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஆகஸ்டில் பழைய எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. ரசீது தராதவரின் கூடுதல் விலை எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே புரியும்.

நாட்டுக்கும் இந்த எண்ணெய் தேவைப்படுகிறது. டீசலில் 5 சதவீதம் பயோடீசல் கலக்க வேண்டும், 2030க்குள், என்கிறது 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை. பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டது; டீசல் பக்கம் இன்னும் தவழ்கிறது. எத்தனாலுக்குக் கரும்பு மாதிரி பயோடீசலுக்கு ஒரு மூலப்பொருள் அமையவில்லை. இருபது வருடத்துக்கு முன் காட்டாமணக்கு நடச் சொல்லி ஊர் ஊராகப் பேசினார்களே, நினைவிருக்கிறதா? மானாவாரியில் சொன்ன விளைச்சல் வரவில்லை, விவசாயிகள் பிடுங்கிப் போட்டார்கள். என்னைக் கேட்டால், சட்டியில் மிஞ்சுவதே அதைவிட நம்பகமான விளைச்சல். அதைத் திரட்டுவதுதான் பெரும்பாடு.

ஆலையில் நடப்பது எளிய ரசாயனம். எண்ணெயோடு மெத்தனால் என்ற சாராய வகையும் கொஞ்சம் காரமும் (காஸ்டிக் சோடா மாதிரி) சேர்த்து 60 டிகிரி அளவில் கலக்குவார்கள். நிற்க விட்டால் கிளிசரின் பழுப்பாக அடியில் தங்கும், பயோடீசல் மேலே தெளியும். ஆனால் எண்ணெயில் தண்ணீர் இருந்தால், அல்லது அது ரொம்பக் கெட்டு அமிலம் ஏறியிருந்தால், காரம் அதோடு சேர்ந்து சோப்பாகிவிடும்; டீசல் கிடைப்பது குறையும். உங்களுக்கு விலை குறைத்துப் பேசுவதற்கும் இது ஒரு காரணம். அதனால் எண்ணெய் ஆறியதும் மாவுத் துணுக்குகளை வடிகட்டி, மூடியுள்ள உலர்ந்த கேனில் ஊற்றி வையுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீர் சொட்டுக்கூட விழக் கூடாது. டால்டாவைத் தனியாக வையுங்கள், உறைந்து கேனை அடைத்துவிடும். சாக்கடையில் கொட்டுவது வேண்டவே வேண்டாம், குழாய் அடைத்துக்கொண்டு அவதிப்படப்போவது உங்கள் தெருதான்.

அப்புறம், சிலர் இதை வடிகட்டி ஜெனரேட்டரிலேயே ஊற்றிப் பார்க்கிறார்கள். 1900இல் பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் டீசல் எஞ்சின் ஓடியது உண்மைதான். ஆனால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்றைய இன்ஜெக்டர்கள் இந்தக் கெட்டித்தன்மையைத் தாங்காது.

வருபவரிடம் இரண்டு கேளுங்கள்: உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்ததற்கான நகல், எண்ணெய் எந்த பயோடீசல் ஆலைக்குப் போகிறது என்பதற்கான ஒப்பந்தம். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் பெயரைச் சொல்லி விசாரியுங்கள். ஒரு டின்னுக்காக வண்டி அனுப்ப யோசிப்பார்கள். பக்கத்து வடைக் கடை, சிப்ஸ் கடையோடு சேர்ந்து பெரிய கேனாகக் கொடுத்தால் விலையும் பேசலாம். ஒவ்வொரு முறையும் தேதி, அளவு போட்ட சீட்டு வாங்கி வையுங்கள். சோதனைக்கு வந்தால் அதைக் காட்டலாம். படிவத்தில் உங்கள் உணவு உரிம எண்ணை எழுதலாம், தப்பில்லை. அளவு நிரப்பாத படிவத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.