பெற்றோர் இருவருக்கும் ரத்தக்கொதிப்பு. 35 வயதாகும் நான் இப்போதே எதை மாற்றலாம்?

உப்பில் தொடங்குங்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு டீஸ்பூன் கூட முழுதாக இல்லை. சாம்பார், பொரியல், ஊறுகாய், அப்பளம், மாலையில் மிக்சர் எல்லாம் சேர்ந்துதான் அந்தக் கணக்கு.

உப்பு கூடினால் உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ரத்தத்தின் அளவு கூடி, குழாய்களின் சுவரில் அழுத்தம் ஏறுகிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே போனால் இதயமும் சிறுநீரகமும் மூளையும் அடி வாங்கும். பெரும்பாலும் தலைவலி கூட வராது என்பதுதான் எனக்குக் கவலை தரும் விஷயம்.

சோறு வடிக்கும்போதும் தோசைக்கு மாவு கரைக்கும்போதும் போடும் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். புளிப்புக்கு எலுமிச்சை, காரத்துக்கு மிளகு என்று சேர்த்தால் சப்பென்று இருக்காது. இந்துப்புக்கு மாறினால் போதும் என்பார்கள், நம்பாதீர்கள். அதிலும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

அப்புறம் நடை. வாரத்துக்கு 150 நிமிடம், வேகமாக. புகை, மது இருந்தால் விட்டுவிடுங்கள்.

பெற்றோர் இருவருக்கும் இருப்பதால் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்த அழுத்தம் பாருங்கள். அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், காபி குடித்த கையோடு பார்க்காதீர்கள். வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால் மருத்துவரிடம் போங்கள்.