ஒரே வீட்டில் நான்கு சமையல் தேவையா?

கேள்வி: என் வயது 36. கடையில் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு சாப்பாடு, பிரெட், கேக் எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யத் தொடங்கினேன். கணவருக்குச் சில மாதங்களுக்கு முன் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது, மாத்திரை சாப்பிடுகிறார். மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு. சிறுநீரகமும் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது என்கிறார்கள். 7 வயது மகளுக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது. மகனுக்கு 10 மாதம். தனித்தனியாகச் சமைத்து ஓய்ந்துபோகிறேன். எல்லோரும் சாப்பிடும்படி ஒரே சமையல் செய்ய முடியுமா? கேக்கில் சர்க்கரைக்குப் பதில் தேனோ பிரவுன் சுகரோ போடலாமா? சோடியம் குறைந்த உப்பு வாங்கலாமா?

பதில்: ஒரே சமையல் போதும். நீங்கள் சொன்ன நான்கு பேருக்கும் ஒரே பாத்திரத்தில் சமைக்கலாம், சின்னவனைத் தவிர மற்றவர்களுக்கு ஒரே கேக்கையும் சுடலாம். யாருக்குக் கட்டுப்பாடு அதிகமோ அவருக்கு ஏற்றபடி அடிப்படையைச் செய்துவிட்டு, மற்றவர்களுக்கு வேண்டியதைக் கடைசியில் சேருங்கள். போட்ட உப்பையும் சர்க்கரையையும் திரும்ப எடுக்க வழியில்லை. பிறகு சேர்ப்பது எப்போதும் எளிது. வீட்டில் சமைக்கிறவர் சோர்ந்துபோனால் சில வாரங்களில் பழையபடி பாக்கெட் உணவுதான் மேசைக்கு வரும். அதனால் உங்கள் சோர்வையும் நோயாளிகளின் பிரச்சினை அளவுக்கு முக்கியமாகவே எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அன்றாடச் சாப்பாடு. காய்கறி, பருப்பு, விரும்பினால் கோழி அல்லது மீன் சேர்த்துப் பெரிய பாத்திரத்தில் வேகவையுங்கள். வெங்காயம், பூண்டு, இஞ்சி, வாசனைத் தழைகள் எல்லாம் போடலாம். உப்பும் காரமும் மட்டும் இப்போது வேண்டாம். வெந்ததும் முதலில் சின்னவனின் பங்கை எடுத்துவிடுங்கள். ஒரு வயது வரை உணவில் உப்பு சேர்க்கத் தேவையே இல்லை. சர்க்கரை இரண்டு வயது வரை வேண்டாம். 10 மாதக் குழந்தைக்கு மிக்ஸியில் நைசாக அரைக்காதீர்கள். விரலால் அழுத்தினால் நசுங்கும் அளவுக்கு மென்மையான சிறு துண்டுகளாகக் கொடுங்கள், மெல்லப் பழக வேண்டிய வயது அது. அடுத்து மாமியாரின் பங்கு. அதற்கான உப்பை அளந்து போடுங்கள். மீதியில் நீங்களும் மகளும் கணவரும் சாப்பிடலாம். கணவருக்குச் சமையலை மாற்ற வேண்டாம், தட்டில் பரிமாறும் அளவை மாற்றினால் போதும்: பாதித் தட்டு காய்கறி, கால் பங்கு பருப்பு, மீன், கோழி போன்ற புரதம், மீதிக் கால் பங்குதான் சோறோ பிரெட்டோ. இப்படிச் செய்தால் கூடுதல் வேலை பத்து நிமிடத்தைத் தாண்டாது.

பெரியவர்கள் ஒரு நாளைக்குச் சாப்பிடும் உப்பு 5 கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. பிரெட், சாஸ், சீஸ் எல்லாவற்றிலும் இருப்பதையும் சேர்த்த கணக்கு இது. கொதிக்கும்போது போடும் உப்பு உள்ளே கரைந்துவிடும். இறக்கிய பிறகு மேலே தூவும் உப்பு நேராக நாக்கில் படுவதால் கொஞ்சம் போட்டாலே தெரியும். எலுமிச்சைச் சாறு சில துளி பிழிந்தால் இன்னும் குறைக்கலாம். ஒரேயடியாகக் குறைத்தால் மாமியார் தட்டைத் தள்ளிவிடுவார். வாரத்துக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள், சில வாரங்களில் நாக்கு பழகிக்கொள்ளும்.

சோடியம் குறைந்த உப்பு உங்கள் வீட்டுக்கு வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன். அதில் சோடியத்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது ரத்த அழுத்தம் குறைய உதவலாம். சிறுநீரகம் பலவீனமானால் பொட்டாசியம் உடலிலிருந்து சரியாக வெளியேறாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், உயிருக்கே ஆபத்து வரலாம். ரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றும். உலக சுகாதார நிறுவனம் 2025-ல் இந்த வகை உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோரை அந்தப் பரிந்துரையில் சேர்க்கவில்லை. சாதாரண உப்பையே குறைத்துப் போடுங்கள்.

பிரெட்டுக்கும் இதே விதிதான். வழக்கமான குறிப்புகளில் 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பு இருக்கும். 16 துண்டாக வெட்டி இரண்டு துண்டு சாப்பிட்டாலே ஒரு கிராமுக்கு மேல் உப்பு உள்ளே போய்விடும். தாராளமாகப் பாதியாகக் குறைக்கலாம். உப்பு ஈஸ்ட்டின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பொருள்; குறைத்தால் மாவு சீக்கிரம் பொங்கும், கையில் சற்று ஒட்டும். பொங்க வைக்கும் நேரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும்.

இப்போது கேக்குக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் பெரிய குழப்பம் இங்கேதான். தேன், பிரவுன் சுகர், வெள்ளைச் சர்க்கரை மூன்றும் உடலுக்குள் போனால் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிரவுன் சுகர் என்பது கரும்புப் பாகின் மிச்சம் ஒட்டியிருக்கும் சர்க்கரை. அதில் இருக்கும் தாதுக்கள் ஒரு துண்டு கேக்கின் அளவில் கணக்கில் வராது. தேனில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கிறது, மீதி பெரும்பாலும் சர்க்கரைதான். எனவே எதைப் போடுகிறோம் என்பதை விட எவ்வளவு போடுகிறோம், எத்தனை துண்டாக வெட்டுகிறோம் என்பதில்தான் கணவரின் ரத்தச் சர்க்கரை இருக்கிறது.

சர்க்கரையை எடுத்துவிட்டால் இனிப்பு மட்டும் போகாது. கேக்கில் ஈரத்தைப் பிடித்து வைப்பது, அதை மிருதுவாக்குவது, மேல்புறம் பொன்னிறமாவது எல்லாம் சர்க்கரையின் வேலை. குறிப்பில் சொல்வதில் கால் பங்கைக் குறைத்தால் யாருக்கும் தெரியாது. மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் நிறம் கொஞ்சம் வெளுக்கும், சாப்பிட நன்றாகவே இருக்கும். பாதியைத் தாண்டினால் வறண்டு, சொரசொரப்பாகி, சீக்கிரம் கெட்டுவிடும். அதனால் மூன்றில் ஒரு பங்கோடு நில்லுங்கள்.

உங்கள் வீட்டுக்குப் பொருந்தும் ஒரு கேக் சொல்கிறேன். முட்டை வேண்டாம். 240 மில்லி தயிரில் 130 கிராம் சர்க்கரையைக் கரையுங்கள். அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவும் ஒன்றேகால் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் சேர்த்து ஐந்து நிமிடம் விட்டால் நுரைத்து வரும். அப்புறம் 110 மில்லி வாசனை இல்லாத எண்ணெய், கடைசியில் 200 கிராம் சலித்த மைதா மாவு. கட்டி உடைகிற அளவுக்கு மட்டும் கலக்குங்கள், அதிகம் அடித்தால் ரப்பர் மாதிரி ஆகும். உடனே 180 டிகிரி செல்சியஸில் 35 முதல் 40 நிமிடம். நடுவில் குச்சியைக் குத்தி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். எலுமிச்சைத் தோல் துருவல், ஏலக்காய், கோக்கோ, பழத்துண்டு என்று வாராவாரம் மாற்றிக்கொள்ளலாம். மாவில் பாதியை முழுக்கோதுமை மாவாக மாற்றுவதானால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி பால் கூடுதலாக ஊற்றுங்கள், தவிடு ஈரத்தை இழுக்கும்.

இந்தக் கேக்கை 12 துண்டாக வெட்டுங்கள். ஒரு துண்டில் சர்க்கரை சுமார் 11 கிராம். மாவிலிருந்து வரும் மாவுச்சத்து இன்னும் 12 கிராம். 200 கிராம் சர்க்கரை போட்டு எட்டாக வெட்டிய கேக்கில் ஒரு துண்டுக்குச் சர்க்கரை மட்டுமே 25 கிராம் வரும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாவுச்சத்துக் கணக்கை நான் சேர்த்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'சர்க்கரை சேர்க்காத கேக்' என்று நம்பி மூன்று துண்டு சாப்பிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மாவும் குளுக்கோஸாகத்தான் மாறும். உங்கள் கணவர் வாரத்தில் ஓரிரு முறை, சாப்பாட்டில் சோற்றையோ பிரெட்டையோ கொஞ்சம் குறைத்துக்கொண்டு, அதோடு சேர்த்து ஒரு துண்டு சாப்பிடலாம். வெறும் வயிற்றில் மாலைத் தேநீரோடு வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள். 180-க்குக் கீழே இருந்தால் அந்த அளவு பொதுவாக அவருக்குச் சரி.

சமையல் சோடாவில் உள்ள சோடியம் மாமியாருக்கு ஆகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு தேக்கரண்டி சோடாவில் சுமார் 1,250 மில்லிகிராம் சோடியம் உண்டு, நாளின் உச்சவரம்பான 2,000 மில்லிகிராமில் (5 கிராம் உப்பில் இருக்கும் சோடியம்) பாதிக்கும் மேல். மேலே சொன்ன கேக்கில் அது 12 பங்காகப் பிரிவதால் பேக்கிங் பவுடரையும் சேர்த்து ஒரு துண்டுக்கு 100 மில்லிகிராம் அளவில்தான் வரும். ஒரு துண்டுக்குப் பயம் வேண்டாம். ஆனால் பல பேக்கிங் பவுடர்களில் பாஸ்பரஸ் கலந்த பாஸ்பேட்டும் இருக்கிறது. அவருக்குப் பாஸ்பரஸ் அதிகம் என்று மருத்துவர் சொல்லியிருந்தால் கேக்கை விட ஈஸ்ட் போட்ட பிரெட்டே நல்லது.

சின்னவனுக்கு ஒரு வயது முடியும் வரை தேன் கூடவே கூடாது, கேக்கில் சுட்டதும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் சமையல் சூட்டில் சாகாது. அவை குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்க வைக்கும் நச்சை உண்டாக்கலாம். முழு முந்திரி, பாதாம், முழு திராட்சை போன்றவை ஐந்து வயது வரை மூச்சுக்குழாயில் சிக்கும் ஆபத்து உள்ளவை. கொட்டைகளைப் பொடித்துப் போடுங்கள், திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள்.

முட்டை விஷயத்தில் இரண்டு குழந்தைகளுக்கும் நேர் எதிரான ஆலோசனை சொல்ல வேண்டியிருக்கிறது. வேறு குறிப்புகளில் ஒன்றிரண்டு முட்டை வந்தால், ஒரு முட்டைக்கு ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்துச் சேருங்கள். கால் கப் கெட்டித் தயிரும் சரிவரும். நாலைந்து முட்டையை அடித்து அந்த நுரையாலேயே எழும்பும் ஸ்பாஞ்ச் கேக்குக்கு இந்த மாற்று எதுவும் ஒத்துவராது, அதை விட்டுவிடுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ள பல குழந்தைகள் நன்றாகச் சுட்ட கேக்கில் உள்ள முட்டையைத் தாங்கிக்கொள்வார்கள் என்பது உண்மை. அதை வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஒவ்வாமை மருத்துவரின் கண்காணிப்பில்தான் செய்ய வேண்டும். உதடோ முகமோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும், தொடர்ந்து வாந்தி வந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

அக்காவுக்கு ஆகாது என்பதற்காகத் தம்பிக்கு முட்டையை நிறுத்தி வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகு நன்றாக வேகவைத்த முட்டையைச் சிறிதளவில் தொடங்குவது ஒவ்வாமை வரும் வாய்ப்பைக் குறைக்கும். அவனுக்குக் கடுமையான தோல் அழற்சியோ வேறு உணவு ஒவ்வாமையோ இருந்தால் மட்டும் முதலில் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். அவன் கிண்ணத்தையும் கரண்டியையும் தனியாக வைத்துச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

சுடாத கேக் மாவைக் குழந்தைகள் விரலால் வழித்துச் சாப்பிட விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும் பச்சை மாவில் ஈகோலை, சால்மோனெல்லா கிருமிகள் இருக்கலாம். பிரெட், பிஸ்கட்டைப் பொன்னிறத்தில் எடுத்துவிடுங்கள், கரும்பழுப்பாகும்போது அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே செய்யுங்கள். கணவரின் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால், சோறும் பிரெட்டும் குறைந்தாலும் தாழ்சர்க்கரை வருவது அரிது. கிளிமெபிரைடு, கிளிக்லசைடு போன்றவை இருந்தால், மாவுச்சத்தைத் திடீரென்று குறைக்கும்போது சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் வரும். உணவு முறை மாறுகிறது என்று மருத்துவரிடம் சொல்லி அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை அவர் வெளியே போகும்போது பையில் குளுக்கோஸ் வைத்திருக்கட்டும். மாமியாரின் அடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினினோடு பொட்டாசியம், பாஸ்பரஸ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த எண்கள் வந்த பிறகுதான் பொட்டாசியம் அதிகமுள்ள வாழைப்பழம், உருளைக்கிழங்கு, தக்காளி போன்றவற்றை அவருக்குக் குறைக்க வேண்டுமா என்பதை முடிவு செய்யலாம். இப்போதே எதையும் நிறுத்த வேண்டாம்.